அக்காவின் இதயப் பாடமும் முப்பது குஞ்சுகளும்

சூடேறிய உமிக்கு ஒரு வாசனை உண்டு. நூறு வாட்ஸ் குண்டு பல்பின் கீழே நாளெல்லாம் காய்ந்து, அதன்மேல் முப்பது கோழிக்குஞ்சுகள் தின்று, தூங்கி, கழிந்து, மறுபடியும் தின்று உண்டாக்குகிற வாசனை அது. என் அக்கா மலர்க்கொடி பிளஸ் டூ படித்த வருஷம் எங்கள் வீட்டுச் சோறு, போர்வை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றிலும் அதுதான் வீசியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைச் சுளித்தால், அக்காவும் யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்துத் தன் மூக்கைச் சுளித்துக்கொள்வாள்.

சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் மரவள்ளி. அம்மாவுக்குத் தனக்கென்று ஏதாவது வேண்டுமென்று வெகுநாள் ஆசை. மகளிர் குழுவில் கோழிக்குஞ்சு தருகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் முப்பதை வாங்கி, மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டாள். எல்லாம் மெஷினில் பொரித்தவை, தாயைக் கண்ணால் பார்க்காதவை. முதல் நாலு வாரத்துக்கு பல்புதான் அவற்றுக்குத் தாய் என்று கால்நடை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் இருந்ததே இரண்டு அறை. முன்னறையில் டிவியும் அப்பாவும் இருந்தார்கள். இருவரையும் அசைக்க முடியாது. ஆகவே அக்கா படிக்கிற உள்ளறையின் பாதி குஞ்சுகளுக்குப் போயிற்று. உமியைக் கொட்டி, பல்பைத் தாழக் கட்டி, சுற்றிலும் வட்டமாக ஒரு தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. அட்டை நனைந்து போகும் என்று அம்மா பரண்மேல் கிடந்த பிளெக்ஸ் பேனரை எடுத்து மடித்துச் சுற்றிவிட்டாள். அது நாலு வருஷம் முன்பு நடந்த அக்காவின் மஞ்சள் நீராட்டு விழா பேனர். அதில் அக்கா மூன்று இடத்தில் இருந்தாள்: ஒன்றில் பட்டுப்புடவை, ஒன்றில் கிரீடம், ஒன்றில் ஸ்டூடியோக்காரர் கையில் திணித்த பிளாஸ்டிக் மயில். குஞ்சுகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜ அக்கா மட்டும் அந்த நாலு வாரமும் சிரிக்கவே இல்லை.

அவளுக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் பாடம் ஏறும். சாயங்காலம் ஆறு மணிக்கு உயிரியல் புத்தகத்தைப் பிரித்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பிப்பாள். குஞ்சுகள் கீச்சிட்டால் குரலை ஏற்றுவாள். "மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது" என்று அவள் கத்தும்போதெல்லாம், நமக்கு ரெண்டுதானே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கத்தலில்தான் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண் சொருகித் தூங்கின. ஆனால் அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பல்புச் சூட்டில் தூங்குகின்றன என்றே நினைத்துக்கொண்டோம்.

அக்காவுக்கு உயிரியல் சும்மா ஒரு பாடம் அல்ல. அப்பா முன்னமே சொல்லியிருந்தார்: "மார்க்கு வந்தா நர்ஸுக்குப் படி. வராங்காட்டி ரிஷிவந்தியத்து மாமன் வூட்ல பேசிடலாம்." மாமா மகன் நல்லவர்தான்; ஆனால் அக்காவைப் பார்த்தாலே காரணமில்லாமல் தும்முவார். அந்தத் தும்மலுக்கு நடுவே ஒரு ஆயுசைக் கழிக்க அக்கா தயாராக இல்லை.

நாலாவது வாரம் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது, கூடவே திமிரும் முளைத்தது. கிரீடம் வைத்த அக்காவின் தலைமேல் ஏறி, அங்கிருந்து நோட்டுப் புத்தகத்தில் குதித்து, அவள் மூன்று கலர் பென்சிலில் வரைந்த இதயத்தின்மேல் ஒன்று கழிந்துவைத்தது. திங்கட்கிழமை உயிரியல் பரீட்சை. இது நடந்தது புதன்கிழமை. அக்கா அழவில்லை. அம்மாவிடம் நோட்டை நீட்டி, "அதுங்க வெளிய போவணும். இல்லாங்காட்டி நான் போறேன்" என்றாள். அம்மா ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றைக்கே அப்பா பழைய இரும்புக் கட்டிலைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுற்றிலும் கம்பிவலை அடித்து, மேலே தகரம் போட்டுத் தோட்டத்தில் ஒரு கூண்டு கட்டிவிட்டார். ஊரில் கோழிகளை மூங்கில் "கொடாப்பு" போட்டுத்தான் கவிழ்ப்பார்கள். இத்தனை பெரிய கூண்டை யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை காலையில் குஞ்சுகளைக் கூடையில் அள்ளி வெளியே விட்டோம். பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை, மண்ணைக் கிளறின, எறும்பைத் தின்றன, ஒன்றையொன்று துரத்தின. கல்வராயன் மலைப்பக்கம் வெயில் இறங்கியதும் முப்பதும் வரிசையாக வந்து உள்ளறை வாசலில் நின்றுவிட்டன.

பிடித்துக் கூண்டில் போட்டோம். உள்ளே போனவை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வீறிட்டுக் கத்தின. அப்படி ஏறி நசுங்கியே செத்துப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மேலே இருப்பதை எடுத்துக் கீழே விட, கீழே விட்டது மறுபடி மேலே ஏற, சோறு வடிக்கவும் ஆளில்லாமல் போயிற்று. அந்தக் கத்தல் உள்ளறைவரை கேட்டதால் அக்கா முன்னறைக்குப் போய், காதில் பஞ்சை அடைத்து, டிவி பார்க்கிற அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் படித்தாள். மனசுக்குள் படித்தால் அவளுக்கு ஒரு வரியும் நிற்காது என்பதை வீட்டில் யார் யோசித்தார்கள்?

பல்புக்கு ஏங்குகின்றன என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை ஒயர் இழுத்துக் கூண்டுக்குள் பல்பு மாட்டினார். குஞ்சுகள் பல்பைச் சுற்றி நின்று கத்தின. பிறகு வழக்கம்போல் கரண்ட் போனது. இருட்டில் நின்று கத்தின. சனிக்கிழமை அம்மாவுக்கு வேறு யோசனை வந்தது. பொறந்ததிலிருந்து மலருடைய மூஞ்சியைத்தானே பார்த்துக்கினு வளர்ந்ததுங்க, அதைத்தான் தேடுதுங்க என்று சொல்லி, பிளெக்ஸைக் கழுவிக் கூண்டின் முன்பக்கம் கட்டிவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் கோழிக்கூண்டும், அதன்மேல் கிரீடம் வைத்த அக்காவும், "அனைவரும் வருக வருக" என்ற வரியும் பளிச்சென்று தெரிந்தன. எதிர்வீட்டு ஸ்டெல்லா அத்தை வேலிவரை வந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "இன்னா மலரு, ரெண்டாவது தடவ விசேஷமா?" என்று கேட்டுப் போனார். குஞ்சுகள் மட்டும் அந்த அழைப்பை ஏற்கவில்லை. அக்கா பேனரைப் பிய்த்தெறிந்துவிட்டு அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம், பரீட்சைக்கு முந்தைய நாள். கரண்ட் இல்லை. அம்மாவும் நானும் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டிருந்தோம். அக்கா புத்தகத்தோடு தோட்டத்துக்கு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் எதுவும் ஏறவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்ச வெளிச்சத்தில், மூன்று நாளாக மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலறைகள் இரண்டும் ஆரிக்கிள்கள்..."

முருங்கை மரத்தடியில் கத்திக்கொண்டிருந்த குஞ்சு பாதியில் நிறுத்தியது. இன்னொன்று திரும்பிப் பார்த்தது. பிறகு முப்பதும் ஓடிவந்து துவைக்கிற கல்லைச் சுற்றி நின்றன. அக்கா திகைத்துப்போய் நிறுத்தினாள். உடனே கத்தல் ஆரம்பித்தது. "கீழறைகள் இரண்டும் வெண்ட்ரிக்கிள்கள்" என்றாள், அடங்கிவிட்டன. நான்தான் முதலில் கூவினேன், பல்புமில்லை பேனருமில்லை, அக்கா குரல்தான் என்று. நான் கண்டுபிடித்ததை இன்றுவரை இந்த வீட்டில் ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை.

அம்மா கூண்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு தரம் முறைத்துவிட்டு, பாவாடையை இடுக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே போனாள். இரத்த ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். முப்பதும் வரிசையாகப் பின்னாலே போயின. போனவள் வெளியே வர முடியவில்லை. அவள் ஒரு கால் எடுத்து வைத்தால் அவையும் எழுந்தன. கடைசியில் டார்ச்சையும் புத்தகத்தையும் என்னிடம் தள்ளி, "இன்னா பாத்துக்கினு கீற? கேள்வி கேளுடி" என்றாள்.

வலைக்கு வெளியே நான் குந்திக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, உள்ளே மடியில் நாலும் தோளில் ஒன்றுமாக அக்கா பதில் சொன்னாள். இதயம் முடிந்து நுரையீரல், நுரையீரல் முடிந்து சிறுநீரகம். எட்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது குஞ்சுகள் எல்லாம் தூங்கிவிட்டிருந்தன, அக்காவுக்குப் புத்தகம் முழுக்க வந்துவிட்டிருந்தது. மறுநாள் பரீட்சையில் இதயம் வந்தது. ஒரு புள்ளி விடாமல் எழுதினேன் என்று சொன்னாள். தலையில் இறகு ஒட்டியிருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தாள்.

அக்கா நர்ஸானாள். மாமா மகன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். தும்மலும் நின்றுவிட்டதாகக் கேள்வி. இரண்டு குஞ்சைக் கீரி தின்றது, மற்றவை முட்டையும் குழம்புமாயின. அந்தக் குழம்பை அக்கா மட்டும் ஒரு நாளும் தொடவில்லை. கேட்டால், காரம் ஜாஸ்தி என்பாள்.

போன மாதம் என் மகளுக்காகப் பத்துக் குஞ்சு வாங்கினேன். நூறு வாட்ஸ் குண்டு பல்பு கேட்டுச் சின்னசேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். அதெல்லாம் வருவதே இல்லை என்று எல்இடியை நீட்டினார்கள். அது வெளிச்சம் தருகிறது, சூடு தருவதில்லை. ஆன்லைனில் ஏதோ ஹீட்டர் வாங்கி ஒப்பேற்றினேன். என் மகள் வாய்விட்டுப் படிப்பதில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனில் படிக்கிறாள். ஆகவே என் குஞ்சுகள் சத்தமில்லாத வீட்டில் வளர்ந்தன. நேற்றுச் சாயங்காலம் அவற்றை வெளிக்கூண்டுக்கு மாற்றினேன். பொழுது இறங்கியதும் கத்த ஆரம்பித்தன.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சேலத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன், உனக்கு வேறு வேலையே இல்லையா என்று திட்டினாள். ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கூண்டுக்குள் வைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது" என்று ஆரம்பித்து, ஒரு வரி தவறாமல் கடைசிவரை சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குஞ்சுகளோ அவளை யாரென்றே தெரியாமல் தம் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"அடங்கிச்சாடி?" என்று கேட்டாள்.

"அடங்கிடுச்சுக்கா" என்றேன். பத்துக் குஞ்சும் போனுக்குப் பக்கத்தில் நின்று வீறிட்டன.

அக்காவுக்குக் கேட்காமலா இருக்கும்? "சரி, சிறுநீரகம் சொல்றேன்" என்றாள்.