தலை தட்டாத தக்காளிப் பெட்டிகள்

தக்காளிச் சாறு சட்டையில் பட்டுக் காய்ந்தால் அந்த இடம் மொடமொடவென்று நிற்கும். காலடிப்பேட்டை காய்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் சட்டை எல்லாவற்றிலும் வலது தோளில் அப்படி ஓர் இடம் இருந்தது. வண்டியிலிருந்து பெட்டியைத் தோளில் வாங்கி இறக்கும்போது அடியிலிருந்து சொட்டும். மண்டியில் கல் மாதிரி இருந்த தக்காளி மூன்று மணி நேரத்தில் ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாததுதான் எரிச்சல்.

கடை அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், இங்கே வந்து இருபது வருடம். தினமும் காலையில், முந்தின நாள் இருட்டும் நேரத்தில் அவர் எழுதித் தந்த சீட்டோடு நான் கோயம்பேடு மண்டிக்குப் போவேன். சரக்கு எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, கடையில் இறக்குவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை தூக்கினேன், எண்ணூரில் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடித்தேன், லாரியோடு ஒடிசா வரைக்கும் சுற்றினேன், காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். எதிலும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாற்பத்தாறு வயதில் முட்டி வலிக்க ஆரம்பித்ததும் அந்தத் திமிர் கொஞ்சம் அடங்கியது. இந்தக் கடையில் பதினான்கு மாதம் ஓட்டியிருந்தேன். கடைக்குப் பின்னால் படுக்க ஓர் அறையும் கொடுத்திருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். தக்காளிப் பெட்டி தலை தட்டியிருக்கக் கூடாது. விளிம்போடு மட்டமாக இருந்தால் மண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பொருள். விளிம்புக்கு மேலே கோபுரமாகக் குவிந்து நிற்க வேண்டும். எடை போட்டுத்தான் வாங்குகிறோம், பெட்டி எப்படி இருந்தாலும் எடை ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கடை வாசலில் இறக்கும்போது தெரு அந்தக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அவர் குணம் தெரிந்து மண்டியிலும் குவித்தே கொடுத்தார்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றின் விளிம்பில் இன்னொன்று உட்காரும்படி செய்தது. மட்டமாக நிரப்பினால் மேல்பெட்டியின் எடையை விளிம்பு தாங்கும். குவித்து நிரப்பினால் தக்காளி தாங்கும். ஐந்து பெட்டி அடுக்கினால் அடியில் இருப்பது நான்கு பெட்டியைச் சுமந்துகொண்டு வரும். ஒன்று உடைந்தால் போதும், அதன் சாறு இறங்கி நல்லதையும் கெடுத்துவிடும்.

காசிமேட்டில் யாரும் மீனை இப்படி நடத்தமாட்டார்கள். ஐஸ், மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மூடி சரியாக மூடும் அளவோடு நிறுத்துவார்கள். ஒரு வால் துருத்தினாலும் எடுக்கச் சொல்லுவார்கள். தக்காளிக்கு அந்த மரியாதை கிடையாது.

வழியும் லேசுப்பட்டதில்லை. விடிந்து போனால் விலை இறங்கியிருக்கும் என்பதால் அண்ணாச்சி என்னைத் தாமதமாகத்தான் அனுப்புவார். திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் ஏறும். புத்தம் புதிதாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போட்ட கொத்தமல்லி உள்ளே வெந்துகொண்டிருக்கும். நகர்ந்தால் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் பெட்டிகள் எழும்பி உட்காரும் சத்தம் கேட்கும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா எங்களிடம் தினமும் ஒரு பெட்டி எடுப்பார். ஒருநாள் பாதிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லா முன்னால் வைத்தார்.

"இன்னா அண்ணாச்சி, சட்னிய நீயே அரைச்சுக் குடுத்துட்டியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அக்கா வேறு பெட்டி எடுத்துக்கொண்டு போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ அந்தம்மா திருப்பிக் கொண்டாந்தா நீ வேற எடம் பாத்துக்கோ. அறையையும் காலி பண்ணிரு."

குவிப்பதால்தான் நசுங்குகிறது என்று சொன்னேன். மீன் பெட்டிக் கதையையும் சொன்னேன். இருபது வருடமாகச் சரக்கு வாங்குகிறவருக்கு மீன்காரன் பாடம் நடத்துகிறானா என்று கேட்டார். நான் தூக்கிப் போடுவதால்தான் நசுங்குகிறதாம்.

மறுநாள் மண்டியில் எடை போட்டு முடித்ததும், பத்துப் பெட்டியிலும் விளிம்புக்கு மேலே இருந்ததைக் கையால் எடுத்து ஒரு காலிப் பெட்டியில் போட்டேன். அது பதினோராவது பெட்டியாக, அதுவும் மட்டமாக, நிரம்பியது. டிரைவர் பீடியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமு, தக்காளிக்கு முடி வெட்டிக்கினு கீறே?"

வேலை போகாமல் இருப்பதற்காக என்றேன். பின்னால் கூடுதல் பெட்டிக்கு இடமில்லை என்றான். அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். தண்டையார்பேட்டை தாண்டி கன்டெய்னர் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மடியில் தக்காளியோடு கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று டிரைவர் கேட்டான். பள்ளங்கள் வந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. ஆனால் அது பெட்டியோடு பெட்டி மோதும் காய்ந்த சத்தம்.

கடை வாசலில் பத்தையும் இறக்கினேன். தோளில் ஒரு சொட்டு இல்லை. அடிப்பெட்டித் தக்காளி ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன், மண்டியில் இருந்த மாதிரியே இருந்தது. எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், ஒரு சாமான் முழுதாக வந்து சேர்ந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அண்ணாச்சி வெளியே வந்து பார்த்தார். "தல எங்க?"

பதினோராவது பெட்டியைக் காட்டினேன். நம்பவில்லை. எல்லாவற்றையும் தராசில் ஏற்றச் சொன்னார். எடை சரியாக இருந்தது.

"எட சரிதான். பாக்கதுக்கு அரப்பெட்டி மாதிரில்லா இருக்கு."

எதிர்ப்பக்கம் புதிதாக ஓர் ஏசி கடை வந்திருந்தது. அவர் கண் அங்கே போய்த் திரும்பியது. பதினோராவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மற்றப் பத்திலும் தன் கையாலேயே பழையபடி குவித்தார். பிறகு வாசலில் ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு அடுக்கினார். வேண்டாம், நசுங்கும் என்று இரண்டு முறை சொன்னேன். வெண்டைக்காய் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி உள்ளே அனுப்பினார்.

வெண்டைக்காய் இன்னொரு தலைவேதனை. வாங்க வருகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, எடுத்துக்கொள்வார்கள். ஒடியாமல் வளைந்தது கூடையில் கிடக்கும். அடுத்தவர் வந்து அதையே வளைப்பார். சாயங்காலத்துக்குள் அது பத்துப் பேர் கை பட்டுக் கறுத்துவிடும். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வெளியே வந்தபோது வாசலில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு அடுக்கின் அடியிலிருந்தும் சிவப்புத் தண்ணீர் கோடாக இறங்கிச் சாக்கடைக்குப் போனது. டிபன் கடை அக்கா அதைப் பார்த்தபடி நின்றிருந்தார். அண்ணாச்சி என்னைக் கை காட்டினார்.

"வண்டியிலயே நசுக்கிக் கொண்டாந்திருக்கான். இன்னையோட இவன அனுப்பிருதேன், நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

பழைய ஆளாக இருந்தால் அந்த நிமிடமே பையை எடுத்திருப்பேன். கால் அறைப் பக்கம் திரும்பவும் செய்தது. பை எங்கே இருக்கிறது, எந்தச் சட்டை கொடியில் காய்கிறது என்றெல்லாம் மனது எண்ணிவிட்டது. ஆனால் நகரவில்லை. நான் நசுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி வரசொல்ல நான் எதுத்தாப்புல டீ குடிச்சுக்கினு இருந்தேன், அண்ணாச்சி. அவர் சட்டையப் பாரு, ஒரு சொட்டு கீதா? அடுக்குனது நீதான்."

அண்ணாச்சி என் தோளைப் பார்த்தார். அன்றைக்குப் போட்டிருந்தது துவைத்த வெள்ளைச் சட்டை. நானும் திரும்பி அதைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்த் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா மேல்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். மேலே எதுவும் இல்லாததால் மேல்பெட்டி இரண்டு மட்டும் நன்றாக இருந்தன. மீதியைக் கொட்டி, நசுங்கியதைப் பிரித்து, நல்லதைத் துடைத்து வைக்க எனக்கு மதியம் வரை ஆனது.

அன்று முழுக்க அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. இருட்டும் நேரத்தில் மறுநாள் சீட்டை நீட்டினார். தக்காளி பத்துப் பெட்டி என்று எழுதியிருந்தது. குவிக்க வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை. மறுநாள் மண்டியில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடியும் தலையைத் தட்டினேன். மறுபடியும் பதினோராவது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வண்டி நின்றதும் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். மட்டமான பெட்டிகளைப் பார்த்தார். தலை எங்கே என்று கேட்கவில்லை. முதல் பெட்டியை நான் இறக்கியதும், என்றைக்கும் இல்லாமல் தானே என் தோளிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். வாங்கி, நான் தூக்கிப் போடுவதால்தான் நசுங்குகிறது என்று சொன்ன அதே அண்ணாச்சி, இடுப்பு உயரத்திலிருந்து தொப்பென்று தரையில் போட்டார்.