தோல் தொங்கிய நாய்

பேரன் தன் நாயின் முகச் சுருக்கங்களை ஈரத்துணியால் துடைக்கிறான். அந்தப் புளிச்ச வாடை எனக்குக் கம்பங்களியின் வாடை.

வெள்ளைக்காரன் காலத்தில், அருப்புக்கோட்டையில் அப்பா ஒரு துரைக்குச் சமையல்காரர். கோடைக்கு மலையேறிய துரை, இதே மாதிரி நாயை எங்கள் வீட்டில் விட்டுப்போனார். எங்கள் ஊரில் தோல் தொங்கினால் பட்டினி என்றுதான் அர்த்தம்.

“அதோட சோத்தை நாமதான் தின்னுட்டோம்னு துரை வேலையை விட்டு நிப்பாட்டிருவாக. வாயைப் பிடிடி.”

அம்மா பிடித்தாள். சித்திரை வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய்க்கு, தினமும் கிடாய்க்குத் திணிப்பதுபோல் களியைத் திணித்தார் அப்பா. ஒருநாள் காலையில் தொண்டை அடைத்துச் செத்தது.

சாயங்காலத்துக்குள் உடம்பு உப்பி, சுருக்கமெல்லாம் மறைந்துவிட்டது. அப்பா அதன் விலாவைத் தடவிப் பார்த்தார்.

“இப்ப வரச்சொல்லுடி துரையை.”