காவல்காரியும் நகராத படமும்

அக்காவுக்கு வீட்டில் காவல்காரி என்று பெயர். பாலை அடுப்பில் வைத்தால் பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். வாஷிங் மெஷின் சுற்றினால் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்வாள்.

"நீ பாக்கலேன்னா அது ஓடாதா?" என்பார் அப்பா.

"ஓடும். ஒழுங்கா ஓடாது."

கூடத்து மூலையில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் செய்வது அவள் தொழில். ஒரு காட்சியை வெட்டி ஒட்டிவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். அன்று சாயங்காலம் ஒரு ஸ்டுடியோக்காரர் வருவதாக இருந்தது. படம் அவருக்குப் பிடித்திருந்தால் மாதாமாதம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். படம் தயார். ஆனால் பழைய லேப்டாப்பில் இருந்தது. அதன் திரை பாதி கறுத்திருந்தது. தேநீர் கொட்டியதில் பென்டிரைவ் செருகும் இடமும் போய்விட்டது. புது லேப்டாப்புக்கு மாற்றினால்தான் அவரிடம் போட்டுக் காட்ட முடியும்.

இரண்டையும் எதிரெதிரே வைத்து வயர்லெஸ்ஸில் நேராக இணைத்துவிட்டேன். இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்ததும் கம்ப்யூட்டர்தான்.

படம் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு நகர்வேனா என்றது.

"என்னடா இது, எறும்பே தேவல."

"பழைய மெஷின்க்கா."

"ரெண்டும் மூக்கோட மூக்கு இடிச்சுக்கிட்டு நிக்குது. இன்னும் எவ்ளோ பக்கத்துல வெக்கிறது?"

தள்ளி வைத்தேன். வயர்லெஸ் சேனலை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறுந்து, முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. இதே கேள்வி பரீட்சையில் வந்திருந்தால் படம் வரைந்து பாகம் குறித்திருப்பேன். இங்கே உள்ளங்கை வேர்த்தது. நேர்காணல்களிலும் இதே வேர்வைதான். அப்படியென்றால் நான் படித்தது எதை?

அக்கா மவுஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்போதுதான் கவனித்தேன்: புது லேப்டாப்பின் ஓரத்தில், சின்ன ஜன்னலில், அதே படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா இது?"

"வர்ற படம் நல்லா வருதான்னு பாக்குறேன்."

"இது வந்த படம் இல்ல. அங்க இருக்குறத இங்கேருந்து பாக்குற. அதுவும் இதே வழியாத்தான் வந்தாகணும். ஒரே வாசல்ல ரெண்டு பேர் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

மூடினாள். கோடு சட்டென்று முன்னால் ஓடியது. நான் இன்னொரு ஜன்னலைத் திறந்தேன்.

"நீ என்னத்தத் திறக்குற?"

"வேகம் எவ்ளோன்னு ஒரு டெஸ்ட்..."

"அது மட்டும் வேற வாசல்லயா வருது? கைய எடு."

எடுத்தேன். நானும் அவள் தம்பிதானே.

கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே ஸ்டுடியோக்காரர் வந்துவிட்டார்.

"சும்மா ஓட்டிக் காட்டும்மா. இன்னொரு இடத்துக்குப் போகணும்."

அக்காவின் கை மவுஸ்வரை போய் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இப்பத் திறந்தா இழுத்துரும் சார். உக்காருங்க."

"ஒரே ஒரு..."

"தொடாதீங்க சார்."

அவர் வாசலைப் பார்த்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படம் வந்து சேர்ந்ததும் ஓட்டினாள். பாதியில் அவர் கை காட்டினார்.

"அந்த இடத்த இன்னொரு தரம் போடு."

போட்டாள். அவள் அதிகம் தடவை ஓட்டிப் பார்த்த இடம் அதுதான்.

"அடுத்த வேலைய நாளைக்கே அனுப்பிடட்டுமா?"

"காத்துல வேணாம் சார்" என்றாள் அக்கா. "டிஸ்க்குல போட்டுக் கையில குடுங்க."