பதினாறாம் மனை

சிவில் படித்து, இரண்டு ஆண்டுகள் கட்டுமான வேலையில் கம்பிகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்த நான், ரியல் எஸ்டேட் முகவராகப் பதிவு செய்துகொண்டேன். ஆதார், பான், வருமான வரிக் கணக்கு, அலுவலகமாக எடுத்த மாடி அறைக்கான வாடகை ஒப்பந்தம், புகைப்படம் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்து விண்ணப்பித்தேன். சான்றிதழைத் தாம்பரத்தில் லேமினேட் செய்யக் கொடுத்தபோது கடைக்காரர் சிரித்தார்.

"புரோக்கருக்கெல்லாமா சர்டிபிகேட்டு?"

"இப்போ அது இல்லாம பண்ணக் கூடாதுண்ணா."

"அப்போ எங்க தெருவுல பாதிப் பேரு உள்ள போவணும்."

என் முதல் வாடிக்கையாளர் கீழ்க்கட்டளையில் வாடகைக்கு இருந்த பள்ளி ஆசிரியை. மழைக்காலத்தில் இரண்டு முறை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அவருக்கு ஒரே நிபந்தனை: இடம் மேடாக இருக்க வேண்டும். கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேலி போட்ட பதினாறாம் எண் மனையைக் காட்டினேன். உரிமையாளர் சிட்லபாக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கியிருந்தார். ஆசிரியைக்குப் பிடித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து அட்வான்ஸ் குடுத்துடறேன்" என்றார்.

சனிக்கிழமை என் பட்டியலில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: பத்திரத்தின் எல்லைகளை இடத்தோடு ஒப்பிடுவது. வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரியாக இருந்தன. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். வடக்கே இன்னது, தெற்கே இன்னது, இதற்குட்பட்ட கிழமேல் முப்பது அடி, தென்வடல் நாற்பது அடி. படமே இல்லாமல் நான்கு வரிகளில் பூமியின் ஒரு துண்டைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மெய்சிலிர்த்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்: 'கிழக்கே தெரு.' வேலிக்குக் கிழக்கே தெரு இல்லை. கோரை முளைத்த பள்ளம் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால்தான் தெரு.

மறுநாள் காலை உரிமையாளரை வரச் சொல்லி, மனைப்பிரிவு வரைபடத்தோடு தார்ச்சாலை முனையிலிருந்து அளந்தேன். பன்னிரண்டாம் மனைக்கும் பதின்மூன்றாம் மனைக்கும் நடுவே படத்தில் ஒரு குறுக்குத்தெரு இருந்தது. யாரும் அதைப் போடவே இல்லை. தரையில் அது இன்னொரு காலிமனை போலக் கிடந்தது.

"சார், வேலி போடறப்போ எப்படி எண்ணினீங்க?"

"ரோட்லேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு நடந்து எண்ணினேம்மா. எல்லாரும் அப்படித்தானே எண்ணுவாங்க?"

போடாத அந்தத் தெருவையும் ஒரு மனையாக எண்ணியிருக்கிறார். வேலி பதினைந்தில் நின்றது. அவருடைய பதினாறு அந்தப் பள்ளம்.

"அப்போ இத்தனை லோடு மண்ணு?"

"வேற ஒருத்தரோட மனையில சார்."

அவர் வேலிக்கல்லில் கை வைத்தபடி நின்றார். "எவனோ புண்ணியம் பண்ணவன்" என்றார் கடைசியில்.

ஆசிரியை பைபிளும் பையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். அவர் பள்ளத்தின் ஓரம்வரை போய்ப் பார்த்தார்.

"முன்னாடியே பாத்தியே, அது போதும். ஆனா மறுபடியும் பள்ளத்துக்கு நான் வர மாட்டேம்மா."

அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார். என் முதல் விற்பனை அவ்வளவுதான். நான் டேப்பைச் சுருட்டப் போனேன்.

"அந்த முனையைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார் உரிமையாளர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோரைக்குள் இறங்கினார். கணுக்கால்வரை சேறு. தெருவோரம் குனிந்து, புல்லை விலக்கி, கையால் சேற்றைத் தோண்டினார். தலை மழுங்கிய எல்லைக்கல் ஒன்று தெரிந்தது. நான் மேற்கு மூலையில் தேடினேன். அங்கேயும் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக யாரும் பார்க்காமல், மழைத்தண்ணீருக்கு அடியில்.

டேப்பை இழுத்துப் பிடித்தோம். முப்பது அடி. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கரெக்டா நட்டு வச்சிருக்கான் பாரேன்" என்றார், தன் மனையில் முதல்முறையாக நின்றுகொண்டு.