தீபிகாவுக்கு மயக்க மருந்து கொடுக்காத நாள்

உண்ணாமலையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேலே கீழே ஓர் இம்மியும் நகர மாட்டாள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை அவளுக்கு. மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காத யாரையும் கொட்டகைக்குள் விடாதே என்று முதலாளி சொல்லிவைத்தார். மறுவாரம் அவரே மறந்துபோய் வந்தபோது அவரையும் வாசலில் நிறுத்திவிட்டாள். முதலாளி சிரித்துக்கொண்டே காலை நனைத்தார். கோபக்காரராக இல்லாமல் போனது அவள் அதிர்ஷ்டம்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் ஆஸ்பத்திரியில், நாளைக்கு ஆபரேஷன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தை வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் தீபிகாவுக்கு ஏழு வயது. டான்சில் அடிக்கடி வீங்கி, சோறு இறங்காமல் தவித்த குழந்தை. போதாக்குறைக்கு மூன்று வயதிலிருந்து வீசிங். காலையும் இரவும் இன்ஹேலர் உறிஞ்ச வேண்டும். ஆபரேஷன் அன்று காலை குழந்தை தானாகவே இன்ஹேலரை எடுத்தாள். உண்ணாமலை வெடுக்கென்று பிடுங்கி வைத்துவிட்டாள். அதுவும் வாயில் வைப்பதுதானே.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சத்யபிரியா குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே விசில் சத்தம். இன்ஹேலர் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுக்கவே இல்லை என்று உண்ணாமலை பெருமையாகச் சொன்னாள். பாவம், பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தாள்.

டாக்டர் திட்டவில்லை. சாப்பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னோம், இன்ஹேலர் இன்றைக்குக் கட்டாயம் வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். மயக்கத்தில் தொண்டை வழியாக மூச்சுக்கு ஒரு டியூப் போடுவார்களாம். வீசிங் உள்ள குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் அதற்கே சுருங்கிவிடலாம். இறுகிவிட்டால் காற்றை உள்ளே தள்ளுவது பெரும்பாடு. சளி பிடித்து ஆறாத நெஞ்சென்றால் ஆபத்து இன்னும் கூடுதல். சமீபத்தில் சளி, இருமல் உண்டா என்றும் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று முந்திக்கொண்டான் அவள் கணவன் முருகானந்தம்.

சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். இந்த ஆபரேஷனுக்காகவே கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தான். தள்ளிப்போனால் அவனால் மகள் பக்கத்தில் இருக்க முடியாது. சளியைப் பற்றி வாய் திறக்காதே என்று பஸ்ஸிலேயே மனைவியிடம் சொல்லிவைத்திருந்தான். கெட்டவன் இல்லை. மகள் என்றால் உயிர்.

உண்ணாமலை குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். சொன்னபடி செய்கிறேன் என்று காலையில் குழந்தையின் மருந்தைப் பிடுங்கியவள் அவள்தான். இன்னொரு தரம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

"போன வாரம் பூரா சளிங்க, டாக்டரம்மா. இருமி இருமி ராத்திரி தூங்கவே இல்லீங்க."

ஆபரேஷன் தள்ளிப்போனது. இன்ஹேலர் கொடுத்து, மூச்சு சீரான பிறகே குழந்தையை அனுப்பினார் டாக்டர். ஊர் வந்து சேரும்வரை முருகானந்தம் வாயைத் திறக்கவில்லை. ரிக்குக்குக் கிளம்பும்போதும் மகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். உண்ணாமலை அடுப்படியில் நின்று அழுதாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. அன்று காலை இன்ஹேலரை அவளே கொடுத்தாள். கதவுக்கு வெளியே தனியாகத்தான் காத்திருந்தாள். தீபிகாவைத் தூக்கக் கலக்கத்தோடு வெளியே கொண்டுவந்தபோது போன் அடித்தது.

"பாப்பா மூச்சு நல்லா உடறாளா?" என்றான் முருகானந்தம்.

அவள் போனைக் குழந்தையின் மூக்கருகே பிடித்தாள். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தாள். திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் தேம்பல் கேட்டது.

"அன்னைக்கு உங்கூடப் பேசாமயே போயிட்டேனே, புள்ள."