கெணத்துப் படியில ஒட்டுன வசனம்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கு அடிக்கிற மருந்து வாடை... அது மூக்குல ஏறுனா எனக்கு இன்னைக்கும் முதுகு சில்லுன்னு ஆகிரும்.

கல்யாணமான புதுசு. அனுமந்தன்பட்டி தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துல நானும் எஸ்தரும் குடியிருந்தோம். காவல், மோட்டார் போடுறது, மருந்தடிக்கிறது எல்லாம் நான்தான். மோட்டார் ரூமை ஒட்டி ஒத்தை அறை. உச்சி வெயில்லயும் பந்தலுக்குள்ள நுழைஞ்சா பச்சையா ஒரு இருட்டு. குருவிச் சத்தம்கூட வெளியவே நின்னுரும்.

எங்களுக்கு மொதப் பிள்ளை வயித்துலயே போயிருச்சு.

ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ அழவே இல்ல. சமைப்பா, துவைப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தவ, கரண்டிய அந்தரத்துல நிறுத்திட்டுத் தலையைச் சாய்ச்சா.

"ஏங்க... பிள்ளை அழுகுது."

"எங்கன?"

"கெணத்துக்குள்ள."

வாசல்ல பால்காரர் நிக்கிறாருங்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னா.

அதுக்கப்புறம் மத்தியானம் ஆனாலே கெணத்துப் பக்கம் போயிருவா. மொதல்ல மேட்டுல நின்னா. பெறகு படியில எறங்க ஆரம்பிச்சா. நம்ம ஊருப் பக்கம் தோட்டத்துக் கெணறு எப்படி இருக்கும்னு தெரியும்ல... சுத்துச்சுவர் கிடையாது, உள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற கல்லுதான் படி. கையைப் பிடிச்சுக் கூப்பிட்டா மறுபேச்சு இல்லாம வருவா. கை மட்டும் ஐஸா இருக்கும்.

உத்தமபாளையத்துல எங்க சபை ஐயாகிட்ட ஓடுனேன். அவுக வந்து ஜெபம் பண்ணிட்டு, "தம்பி, பைபிள் வசனம்தான் பட்டயம், நம்ம வாள். அதை எடுத்துக்கிட்டு எதுத்து நில்லு"ன்னு சொல்லிட்டுப் போனாக.

நம்ம எட்டாங்கிளாஸ் தாண்டாத மண்டை. பட்டயம்னா வாசல்ல தொங்கவிடுறதுன்னு புரிஞ்சுக்கிச்சு.

வருசப் பிறப்புக்குச் சபையில ஆளுக்கொரு வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல... சபையில மிஞ்சிக் கெடந்த பழைய அட்டை அம்புட்டையும் அள்ளிட்டு வந்தேன். மைதா பசை காய்ச்சி ஒட்டுனேன். கதவுல, ஸ்டார்ட்டர் பெட்டியில, கெணத்துப் படிக்கல்லுல... எலெக்சன் நேரத்துச் சுவர் தோத்துப்போகும். தலகாணிக்கு அடியில பைபிள் வேற. பிசாசு போச்சோ இல்லையோ, எனக்குக் கழுத்துச் சுளுக்கு வந்துச்சு.

தோட்டத்து வேலைக்கு வர்ற பேச்சியக்கா படியை எட்டிப் பாத்துட்டுக் கேட்டுச்சு.

"ஏப்பா, உள்ள இருக்குறதுக்கு எழுத்து தெரியுமாக்கும்? எங்களை மாதிரி கைநாட்டா இருந்தா என்ன செய்வ?"

கூட வந்தவுக எல்லாம் சிரிச்சாக. நானும் சிரிச்சு வச்சேன். ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருந்துச்சு.

ஒரு மத்தியானம் பந்தலுக்குள்ள மருந்தடிச்சுக்கிட்டு இருக்கேன். பொசுக்குன்னு கரண்டு போச்சு. மோட்டார் நின்னுச்சு. எலையில இருந்து மருந்து சொட்டுற சத்தம் மட்டும்.

அப்பத்தான் எனக்கும் கேட்டுச்சு.

சின்னதா... தொண்டை கட்டிப்போன பச்சப்பிள்ளை மாதிரி.

ஓடிப்போய்ப் பாத்தா எஸ்தர் கடைசிப் படியில. பாதம் தண்ணிக்குள்ள. யாரோ பிள்ளையை நீட்டுற மாதிரியும், இவ வாங்கப் போற மாதிரியும் ரெண்டு கையையும் ஏந்தி நிக்கிறா. படியில ஒட்டுன அட்டையெல்லாம் மருந்து தெறிச்சு நீலம் பாரிச்சுக் கெடக்கு. ஒரு எழுத்து மிச்சம் இல்ல.

கத்திக் கூப்பிட்டா பதறி விழுந்துருவா. வசனம் சொல்லணும். சொல்லணும்னா... ஒண்ணுமே வரல. அம்புட்டையும் ஒட்டுனேனே தவிர, ஒண்ணக்கூட மனசுல வாங்கல.

வந்தது எது தெரியுமா? சின்ன வயசுல ஞாயிறு வகுப்புப் போட்டியில ஒரு சோப்பு டப்பாவுக்கு ஆசைப்பட்டு உருப்போட்ட, பைபிள்ல வர்ற இயேசுவோட வம்ச வரலாறு. ஆபிரகாமுக்கு ஈசாக்கு, ஈசாக்குக்கு யாக்கோபு, யாக்கோபுக்கு யூதா... பேய விரட்ட யாராச்சும் இதைச் சொல்லுவானா? நான் சொன்னேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்குது. ஒவ்வொரு பேரையும் கெணறு திருப்பிச் சொல்லுது. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவுல அந்த அழுகை. ஒரு பேர் சொல்லி ஒரு படி எறங்குறேன்.

"தாவீதுக்கு ரெகொபெயாம்..."

"சாலொமோனை விட்டுட்டீக."

திரும்பாமலே சொன்னா. என் பொண்டாட்டியோட பழைய குரல். நான் எதையாச்சும் தப்பாச் செஞ்சா திருத்துற குரல்.

கையை எட்டிப் பிடிச்சேன். அப்பத்தான் அழுதா. ஆஸ்பத்திரியில அழாதது, வீட்டுல அழாதது, எல்லாத்தையும் சேத்து அந்தப் படியில உக்காந்து அழுதா. அவ அழுகை மட்டுந்தான் கெணத்துக்குள்ள கேட்டுச்சு. வேற எதுவும் இல்ல.

மோட்டார் நிக்கிறப்பக் குழாய்க்குள்ள காத்து ஏறுனா அப்படிக் கத்தும்னு மெக்கானிக் சொன்னாரு. இருக்கலாம். ஆனா அவ கேட்ட நாளெல்லாம் மோட்டார் ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு...

இப்ப உத்தமபாளையத்துல வாடகை வீடு. குழாய்த் தண்ணி. மக காலேஜ் போறா. விடிஞ்சா ரோசாப்பூப் படத்தோட வசனம் போன்ல வந்து குமியுது. படிக்காமலே நாலு குரூப்புக்குத் தள்ளி விடுறேன். அன்னைக்கு ஒத்தை வசனத்துக்குத் தவிச்சவன், இன்னைக்கு போன்ல எடம் பத்தலைன்னு அழிச்சுக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் மத்தியானம் கரண்டு போச்சு. ஃபேன் நின்னுச்சு, பிரிட்ஜ் நின்னுச்சு. தெருவே கப்சிப். எங்க தெருவுல கெணறு கிடையாது.

எனக்குக் கேட்டுச்சு.

கை தன்னால போனைத் தேடுது. அதுல சார்ஜ் இல்ல. வெண்டிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்த எஸ்தர் நிமிந்து என் மூஞ்சியப் பாத்தா. கத்தியைக் கீழ வச்சுட்டு, என் பக்கத்துல வந்து உக்காந்து, ஆபிரகாம்ல இருந்து ஆரம்பிச்சா. நான் பின்னாடியே சொன்னேன்.

சத்தம் நின்னுச்சான்னு அவ கேக்கல. நானும் சொல்லல. ஒரு பேரையும் விடாம, இயேசுன்னு சொல்லி முடிச்சுட்டுத்தான் திரும்பக் கத்தியை எடுத்தா.