பொன்னுமணியின் ரத்தச் சீட்டு

பொன்னுமணிக்கு நாற்பத்திரண்டு வயது. தினமும் சிலமலையிலிருந்து பஸ்சில் போடிக்கு வந்து, ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறாள். வெடித்த காய், கறுத்த காய் எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. அதே கடையில் கணவன் வெள்ளைத்துரை, வருகிற மூட்டைகளில் சாம்பிள் எடுப்பவன்.

போன தை மாதம் அந்த விரல்கள் நின்றுபோயின. முறத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மனநல டாக்டர் சிவரஞ்சனி ரத்தமும் பார்க்கச் சொன்னார். உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவு கூடியிருந்தது.

"மனச்சோர்வு கடுமையா இருக்கிற சிலருக்கு இது கூடும். எல்லாருக்கும் அப்படி இல்ல. இத மட்டும் வச்சு நோய அளக்க முடியாது" என்றார்.

வெள்ளைத்துரை முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டான். அதுவரை சோம்பேறி என்று ஏசியவன், அன்று பஸ்சில் அவளுக்குச் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

மூன்று மாத மாத்திரையில் அந்த அளவு இறங்கியது.

"ரத்தம் சரியாயிருச்சு. இனி மாத்திரை எதுக்கு?" என்றான் வெள்ளைத்துரை.

"எனக்கு இன்னும் சரியாகலைங்க."

"சீட்டுல சரியாயிருச்சே."

மாத்திரை நின்றது. பதினெட்டாம் நாள், நல்ல காயையெல்லாம் கழிவுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் வழிவதைத் துடைக்கவும் இல்லை. பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த கற்பகம் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூட்டை வந்தா மேல கிடக்கிற காய நம்புவீகளா?"

"அதெப்படி? அடிவரைக்கும் கைய விட்டுல்ல அள்ளணும். மேல மட்டும் பளபளன்னு வச்சிருப்பானுக."

"மூட்டைக்கு இருக்கிற குடுப்பினை கூட ஒங்க பொஞ்சாதிக்கு இல்லையே."

அவன் கூடையைப் பார்த்தான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனான். தூக்கம், பசி என்று ஒவ்வொன்றாய்க் கேட்ட டாக்டர், "சாகணும்னு தோணுதா?" என்றார். ஆமென்று பொன்னுமணி தலையசைத்தாள்.

"எப்பருந்து?" என்றான் வெள்ளைத்துரை.

"மொத ரத்தம் எடுக்குறதுக்கு முந்தியே."

மாத்திரை மறுபடி தொடங்கியது. டாக்டர் சொன்னபடி அவளைத் தனியே விடுவதில்லை. இப்போது அரைநாள் வேலைக்கு வருகிறாள். சாயங்காலம் பஸ்சில் அவன் டாக்டரின் கேள்விகளையே வரிசை மாறாமல் கேட்பான். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவன் குரல் தாழ்ந்துவிடும்.

"தோணுச்சா?"

"காலைல கொஞ்சம். இப்ப இல்ல."

போன வாரம் எடுத்த ரத்தச் சீட்டு, பிரிக்காமல் அவன் சட்டைப்பையில் கிடக்கிறது.